தட்டணி கெடும் வகையும் தரவு மீளும் வழியும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் ஏரியாலும் தொழிலாலும் பெயர் பெற்றவை. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பெற்றது; அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தோன்றியது. இவ்விரண்டையும் சார்ந்து எண்ணிறந்த சிறு பட்டறைகள் எழுந்தன. முற்காலத்தே ஒரு பட்டறையின் அறிவு முழுவதும் மூன்றிடங்களில் தங்கியிருந்தது: மேஸ்திரியின் கையிலும், சுருட்டி வைத்த வரைபடத்திலும், கணக்குப்பிள்ளையின் பேரேட்டிலும். இற்றை நாளில் அம்மூன்றும் ஒரே பெட்டிக்குட் குடிபுகுந்துவிட்டன. அச்சின் அளவும், சி.என்.சி. இயந்திரத்துக்குரிய கட்டளை வரிசையும், வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியும், தொழிலாளர் கூலிக் கணக்கும், அரசினர்க்குக் காட்ட வேண்டிய வரிக் கணக்கும் ஆகிய யாவும் மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருக்கும் அச்சிறு பெட்டியினுள் இருக்கின்றன. அது பெரும்பாலும் நான்கு வன்தட்டுகளைக் கொண்ட தட்டணியாக இருக்கும். “நான்கு தட்டு இருக்கின்றன, ஒன்று போனாலும் மற்றவை காக்கும்” என்று விற்றவர் சொல்லிச் சென்றிருப்பார். அச்சொல் பொய்யன்று. ஆயினும் அது எவ்வளவு தூரம் மெய் என்பதை அறியாமையால் அழிந்த கணக்குகள் மிகப் பல. அவ்வளவை ஆராய்வதே ஈண்டு யாம் மேற்கொண்டது.

முதற்கண் தட்டின் இயல்பை அறிதல் வேண்டும். ஹார்டு டிஸ்க் என வழங்கும் வன்தட்டினுள் கண்ணாடி போற் பளபளக்கும் வட்டத் தகடுகள் ஓர் அச்சிற் கோக்கப்பட்டுச் சுழல்கின்றன. சாதாரணத் தட்டு ஒரு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். தகட்டின்மேற் பூசிய காந்தப் படலத்தில் எழுதவும் எழுதியதைப் படிக்கவும் ஒரு நுண்ணிய முனை உண்டு. அம்முனை தகட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றின்மேல் மிதக்கின்றது. அவ்விடைவெளி சில நானோமீட்டரே. மயிரிழையின் பருமன் அதனினும் பல்லாயிர மடங்கு பெரிது. ஆகவே தகட்டின்மேற் படிந்த ஒரு துகள், முனைக்கு மலை போல்வது. தட்டு ஓடிக்கொண்டிருக்கையில் மேசை இடிபட்டாலும் துகள் புகுந்தாலும் முனை தகட்டை உரசும். உரசிய இடத்துக் காந்தப் படலம் பொடியாகும். அப்பொடியே மேலும் உரசுதற்குக் காரணமாகும். இஃது ஒரு வகைச் சாவு. சுழற்றும் மோட்டாரின் பேரிங் இறுகுதல், வெளிப்புற மின்பலகை மின்னழுத்த ஏற்றத்தாற் கருகுதல், தட்டு தன்னை இயக்கிக்கொள்வதற்காகத் தகட்டின் ஒரு புறத்தே எழுதி வைத்துள்ள உட்கட்டளைகள் சிதைதல் என்பன பிற வகைகள். இவையெல்லாம் தனித்தட்டுக்கு உரிய நோய்கள். தகட்டின் ஒரு சிறு கூறு மட்டும் படிக்க இயலாமற் போவதும் உண்டு. அதன் கேட்டினைப் பின்னர்க் காண்போம்.

தட்டு சாகும் என்பது தெரிந்தபின், பல தட்டுகளைச் சேர்த்து ஒன்றின் இறப்பை மற்றவை தாங்குமாறு செய்தல் இயலுமோ என்ற வினா எழுந்தது. 1978ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் கென் ஓவுச்சி என்பார், இறந்த நினைவகத்தின் தரவை எஞ்சியவற்றிலிருந்து வருவிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1988இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பெர்க்கிலிக் கல்லூரியினரான டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் இக்கருத்தினை ஒழுங்குபடுத்தி ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். விலைமிக்க ஒரு பெருந்தட்டுக்கு மாறாக மலிவான சிறுதட்டுகள் பலவற்றை அணிவகுத்து நிறுத்தலாம் என்பது அவர் கூற்று. அவ்வணிக்கு அவர் இட்ட பெயரே ரெய்டு என்பது.

இதன் உட்பொருள் எளிது. கணினியில் எழுதப்படுவன யாவும் ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகள். மூன்று தட்டுகளில் ஒரே இடத்தில் முறையே 1, 0, 1 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். நான்காந் தட்டில், ஒன்றுகளின் மொத்தத் தொகை இரட்டைப்படையாகும்படி ஒரு குறி எழுதப்படும். ஈண்டு ஒன்றுகள் இரண்டு. அது முன்னரே இரட்டை. ஆதலின் நான்காவதில் 0. இனி இரண்டாந் தட்டு இறந்துவிட்டதென்க. எஞ்சியவை 1, 1, 0. இவற்றின் ஒன்றுகள் இரண்டாதலின், மறைந்த குறி 0 என்பது பெறப்படும். வேறோரிடத்தில் 1, 1, 1 என்றிருந்தால் நான்காவதில் 1 எழுதப்பட்டிருக்கும். எந்த ஒன்றை மறைத்தாலும் மற்ற மூன்றைக் கூட்டிப் பார்த்து அதனைச் சொல்லிவிடலாம். பேரிட்டி எனப்படும் இச்சரிபார்ப்புக் குறியே தட்டணியின் உயிர். நடைமுறையில் இக்குறியை ஒரே தட்டில் வையாது எல்லாத் தட்டுகளிலும் மாறி மாறி வைப்பர். அம்முறைக்கு ரெய்டு ஐந்து என்று பெயர். இரண்டு தட்டுகளில் ஒன்றையே இருமுறை எழுதுதல் ரெய்டு ஒன்று. இரு வேறு கணக்கால் இரண்டு சரிபார்ப்புக் குறிகள் வைத்து, இரண்டு தட்டுகளின் இறப்பையும் தாங்குவது ரெய்டு ஆறு. ரெய்டு சுழி என்றும் ஒன்றுண்டு. அதிற் காப்பு யாதுமில்லை, வேகமொன்றே உண்டு. அதனையும் காப்பென்று எண்ணி வாங்குவோர் உளர்.

தமிழ் பயின்றார்க்கு இம்முறை புதிதன்று. அந்தாதித் தொடையில் ஒரு செய்யுளின் ஈறே அடுத்ததன் முதலாக வருகின்றது. ஏட்டைச் செல் அரித்து ஒரு செய்யுளின் முதற்சீர் அழிந்துபோனாலும், முன்னைச் செய்யுளின் ஈற்றைக் கண்டு பதிப்பாசிரியர் அதனை நிரப்பிவிடுவர். எதுகையும் தளையும்கூட அத்தகைய சரிபார்ப்புக் குறிகளே. அழிந்த எழுத்து இன்னதாகத்தான் இருத்தல் கூடும் என்று அவை வரம்பு கட்டுகின்றன. ஆனால் ஈறும் முதலும் ஒருங்கே அழியுமாயின் அந்தாதி என் செய்யும்? அவ்விடத்துப் புள்ளியிட்டு விடுதலே பதிப்பாசிரியர் வழக்கம். தட்டணிக்கும் எல்லை அதுவே.

இனித் தட்டணி ஏன் கெடுகின்றது என்பதற்கு வருவோம். முதற் காரணம் தட்டில் இல்லை. மனிதர் கவனத்தில் இருக்கின்றது. தனித்தட்டு இறந்தால் வேலை நின்றுவிடும். உரிமையாளர் அலறியடித்து ஓடுவார். தட்டணியில் ஒன்று இறந்தாலோ யாதும் நிற்பதில்லை. கோப்புகள் திறக்கின்றன, பட்டியல்கள் அச்சாகின்றன. பெட்டி ஒரு கீச்சொலி எழுப்பும். சிவப்பு விளக்கொன்று எரியும். ஒலி தொல்லையாக இருக்கிறதென்று யாரோ அதனை அடக்கிவிடுவர். சிவப்பு விளக்கை மேசையின் கால் மறைத்துக்கொள்ளும். ஆறு திங்கள் கழித்து இரண்டாவது தட்டு இறக்கும் நாளில், “நேற்று வரை நன்றாக ஓடிற்றே” என்பர். அது நேற்றுவரை ஓடியது காப்பின்றி ஓடியதாகும். தட்டணியின் நற்குணம் எதுவோ அதுவே அதன் தீக்குணமுமாக முடிகின்றது. நோயைத் தாங்கும் உடம்பு நோயை மறைக்கவும் செய்கின்றது. மீட்க வரும் தட்டணிகளிற் பலவற்றின் கதை இதுதான்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. தட்டுகள் தனித்தனியே, ஒன்றற்கொன்று தொடர்பின்றிச் சாகும் என்ற எண்ணத்தின்மேலேதான் தட்டணியின் கணக்கு நிற்கின்றது. ரெய்டு என்னும் பெயரின் ஈற்றெழுத்துகளுள் ஒன்று, தொடக்கத்தில் ‘மலிவான’ என்ற பொருளில் நின்றது. வணிகர் பின்னர் அதனைத் ‘தனித்தியங்குகின்ற’ என்று மாற்றிக்கொண்டனர். மலிவு என்ற சொல்லை விளம்பரத்தில் வைக்க விரும்பாமை காரணமாகலாம். ஆனால் மாற்றிய சொல் மெய்யன்று. நான்கு தட்டுகளையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வாங்குகின்றோம். ஒரே ஆலையில் ஒரே வாரத்திற் செய்யப்பட்டவை. ஒரே வெப்பத்தில், ஒரே அதிர்வில், ஒரே மின்கம்பியில் ஒரே காலம் உழைத்தவை. ஒன்றுக்கு முதுமை வருங்கால் மற்றவை இளமையோடு இருத்தல் யாங்ஙனம்?

2007இல் பியாங்கா ஷ்ரோடர், முன்சொன்ன கார்த் கிப்சன் ஆகிய இருவரும் ஏறத்தாழ 1,00,000 தட்டுகளின் வரலாற்றை ஆராய்ந்து வெளியிட்டனர். விற்பனைத் தாள்களில் ஒரு தட்டின் சராசரி ஆயுள் 10,00,000 மணி அல்லது அதற்கு மேல் என்றிருக்கும். அது நூறாண்டுக்கு மேற்பட்ட காலம். அத்தாளின்படி ஆண்டுக்கு 100 தட்டில் ஒன்றுகூடக் கெடுதல் ஆகாது. ஆராய்ச்சியிற் கண்டதோ, ஆண்டுதோறும் 100க்கு 2 முதல் 4 வரை மாற்றப்பட்டமை. சிலவிடங்களில் 13 வரையும் சென்றது. அன்றியும், ஒரு தட்டு மாற்றப்பட்டபின் மற்றொன்று விரைவில் மாற்றப்படுதல், தற்செயலால் நிகழ வேண்டிய அளவினும் மிகுதியாயிருந்தது. அதே ஆண்டிற் கூகுள் நிறுவனத்தார் தம் தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையும் நோக்கத்தக்கது. தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் ஸ்மார்ட் என்னும் ஏற்பாட்டில், முதன்முதலாகப் படிப்புப் பிழை தோன்றிய தட்டு, தோன்றாததைக் காட்டிலும் 60 நாளுக்குள் இறத்தற்கு 39 மடங்கு இடமுடையது என்று அவர் கண்டனர். ஆயினும் இறந்த தட்டுகளிற் பாதிக்கு மேற்பட்டவை, மிக முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே இறந்தன. எச்சரிக்கை வந்தால் நம்புக. வாராமையை நம்பற்க என்பதே இதனாற் பெறும் பாடம்.

மூன்றாவதாக, இறந்த தட்டுக்கு மாறாகப் புதியதைச் செருகியபின் நிகழும் மறுகட்டுமானம். இதனை நம் பகுதி மாணவர்க்கு விளக்குதல் எளிது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் அதன் மிகைநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்லும். கொரட்டூரினின்று இரட்டை ஏரிக்குச் செல்லும். மேல் ஏரியின் கரை உடையுமாயின் அதன் நீர் முழுவதும் கீழ் ஏரியின் தலைமேல் வீழும். அதுகாறும் தாங்கிய கரை அன்று தாங்குமோ என்பது ஐயம். தட்டணியிலும் அவ்வாறே. ஒன்று இறந்த அன்று, எஞ்சிய தட்டுகள் அன்றாட வேலையையும் செய்து, தம்மிடமுள்ள அனைத்தையும் முதலிலிருந்து முடிவுவரை ஒருமுறை படித்துக் கொடுத்தும் ஆக வேண்டும். 20 டெராபைட் தட்டொன்றை விநாடிக்கு 250 மெகாபைட் என்ற வேகத்தில் இடையறாது எழுதினாலும் 22 மணிக்கு மேற் செல்லும். வேலையும் நடக்கையிற் பல நாளாகும். முதுமையடைந்த தட்டுகள் தம் வாழ்நாளிற் கண்டிராத உழைப்பை, காப்பேதும் இல்லாத அந்நாட்களிலேயே செய்கின்றன.

அப்போதுதான் முன்னர்க் குறிப்பிட்ட சிறு கூறுகளின் கேடு வெளிப்படும். எவரும் பல்லாண்டு திறவாத பழைய கோப்பு கிடந்த இடம் என்றோ கெட்டுப்போயிருக்கும். படிக்க முயலாததால் அது தெரியவில்லை. மேசைக் கணினித் தட்டுகளுக்கு ஆலையார் குறிக்கும் வரம்பு, கோடியைக் கோடியாற் பெருக்கிய அளவு பிட்டுகளைப் படித்தால் ஒன்று படிக்கவொண்ணாது போகலாம் என்பது. அத்தொகை ஏறக்குறைய 12.5 டெராபைட். 8 டெராபைட் தட்டுகள் நான்கு கொண்ட அணியில் ஒன்றை மறுபடி கட்ட 24 டெராபைட் படித்தாக வேண்டும். உண்மையில் தட்டுகள் இவ்வரம்பினும் நன்றாகவே நடக்கின்றன. எனினும் பெருந்தட்டுகளுக்கு ரெய்டு ஐந்து போதாது, ஆறே வேண்டும் என்று அறிந்தோர் கூறுவது இதுபற்றியே. திங்களுக்கொருமுறை தட்டு முழுவதையும் தானே படித்துச் சரிபார்க்கும்படி அணியை ஏவி வைத்தல் இதற்கு மற்றொரு மருந்து. பெரும்பாலான பெட்டிகளில் அவ்வசதி உண்டு. முடுக்கி வைப்போர்தாம் அரியர்.

எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போவதும் கேடே. தரவு மாறிச் சரிபார்ப்புக் குறி மாறாமல் நின்றுவிட்டால், பின்னொருகால் அக்குறியைக் கொண்டு வருவிக்கும் தரவு பொய்யாகும். யு.பி.எஸ். பாட்டரியை வாங்கிய நாளிலிருந்து சோதியாத பட்டறைகள் எத்தனை! அணியை ஆளும் கன்ட்ரோலர் பலகை இறப்பதுண்டு. அதனினும் கொடிது, இறந்த தட்டை விடுத்து நல்ல தட்டை உருவிவிடுதல். இரவில், அவசரத்தில், எண்ணிடாத நான்கு தட்டுகளின் முன் நிற்பவர் கை தவறுதல் இயல்பேயன்றோ.

இவ்வளவும் தட்டுகள் சாவதால் வருவன. தட்டெல்லாம் நலமாயிருக்கவே தரவு அழிவதும் உண்டு. அவ்வகை அழிவைத் தடுக்கத் தட்டணி ஏற்பட்டதே அன்று. அழி என்னும் கட்டளையைத் தட்டணி மிக உண்மையாக நான்கு தட்டிலும் நிறைவேற்றும். 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், ஒரு சர்வரென்று எண்ணி மற்றொரு சர்வரின் தரவுத் தொகுதியை அழித்துவிட்டார். காப்புக்கென வைத்திருந்த ஐந்து வழிகளுள் ஒன்றும் முறையாக நடந்துவரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு காரணத்துக்காக எடுத்த படியொன்று இருந்தமையால் தப்பினர்.

கல்லூரியார்க்கு இன்னும் அண்மையது ஜப்பான் நாட்டுக் கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் நேர்ந்தது. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரையில் அங்குள்ள பெருங்கணினியின் சேமிப்பிலிருந்து ஏறத்தாழ 77 டெராபைட் தரவு, அதாவது 3.4 கோடிக் கோப்புகள் மறைந்தன. 14 ஆராய்ச்சிக் குழுக்கள் இதனால் இடருற்றன. அவற்றுள் நான்கின் தரவு காப்புப் படியினின்றும் மீளவில்லை. அழித்தது பகைவரும் அல்லர், பழுதுபட்ட தட்டும் அன்று. பழைய குறிப்புகளைக் களையும் பணியைத் தன்னுட் கொண்ட காப்புக் கட்டளைத் தொகுதியே அழித்தது. அஃது ஓடிக்கொண்டிருக்கையில் அதனைத் திருத்தி மேலெழுதியதால் நெறி பிறழ்ந்து, களைய வேண்டாதவற்றைக் களைந்துவிட்டது. ஆராய்ச்சி மாணவனுக்கு இதன் பொருள் யாது? ஈராண்டு உழைத்துக் கண்ட அளவைகள் ஓர் இரவிற் போயின என்பது. வேலிக்கு வைத்த முள் காலிற் தைத்தது போலாம்.

இடமே அழிவதும் உண்டு. 2025 செப்டம்பர் 26ஆம் நாள் தென்கொரியாவின் தேஜோன் நகரத்து அரசாங்கத் தரவு மையத்தில் லித்தியம் பாட்டரியினின்று தீ எழுந்தது. அரசு ஊழியர் தம் அலுவற் கோப்புகளை வைத்துவந்த ஜி-டிரைவ் என்னும் சேமிப்பில் 858 டெராபைட் அழிந்தது. அதற்கு வெளியிடத்துப் படி இல்லை. அளவு மிகப் பெரிதாதலிற் படி எடுக்க இயலவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். எம் கருத்தில், படி எடுக்க இயலாத அளவுக்குப் பெரிதாகிய ஒன்றை ஒரே கூரையின்கீழ் வளரவிட்ட நாளே அது அழியத் தொடங்கிய நாள்.

நம் பகுதிக்குத் தீயினும் நீரே அண்மைப் பகை. 2015 டிசம்பரிற் பெய்த பெருமழையைப் பூவிருந்தவல்லிப் பக்கத்தார் மறந்திரார். செம்பரம்பாக்கம் ஏரியினின்று விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டது அப்போதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்து பட்டறைகளில் நின்றது. நீர் வடிந்தபின் இயந்திரங்களைக் கழற்றித் துடைத்து எண்ணெயிட்டு ஓட்டிப் பார்க்கும் வழக்கம் தொழிலாளர்க்கு உண்டு. அவ்வழக்கமே தட்டுக்கு நஞ்சு.

நனைந்த தட்டை ஒருபோதும் மின்னிணைத்துப் பார்த்தல் ஆகாது. பெரும்பாலான தட்டுகளில் உட்காற்றும் வெளிக்காற்றும் அழுத்தத்தில் ஒத்திருக்கச் சிறு துளையொன்று உண்டு. அதன் வழியே சேற்று நீர் உட்புகும். ஹீலியம் நிரப்பி முற்றும் மூடிய பெருந்தட்டுகளில் இத்துளை இல்லை. துளையுள்ள தட்டைச் சுழற்றினால், தகட்டிற் படிந்த மண்ணை முனை உழும். மீள இருந்த தரவும் மீளாது. வெயிலில் காயவைத்தலும் தீது. காய்ந்த சேறும் உப்பும் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பின்னர்க் கழுவி எடுத்தல் அரிது. ஆகவே ஈரத்துணி சுற்றிக் காற்றுப் புகாத பையிலிட்டு, நனைந்தபடியே மீட்புத் தொழில் அறிந்தாரிடம் அனுப்புதல் வேண்டும். உலர்த்தாதே என்னும் இவ்வறிவுரை விந்தையாகத் தோன்றலாம். அரிசிக்குட் புதைத்து வைக்கும் வழக்கம் கைப்பேசிக்கே பயனற்றது. தட்டுக்குச் சொல்ல வேண்டா.

இதனால் மனந்தளர வேண்டுவதும் இல்லை. 2003 பிப்ரவரியிற் கொலம்பியா விண்ணோடம் வானிற் சிதறியது. அதிலிருந்த தட்டொன்று வானினின்று வீழ்ந்து, வற்றிய ஏரிப்படுகையொன்றிற் பல திங்கள் கிடந்து கிடைத்தது. மின்பலகை உருகியிருந்தது; உள்ளே அழுக்குப் புகுந்திருந்தது. ஆயினும் வல்லுநர் தகடுகளை எடுத்துக் கழுவி வேறு உடலிற் பொருத்தி, 100க்கு 99 பங்கு தரவை மீட்டனர். செனான் என்னும் வாயுவைப் பற்றி அவ்விண்ணோடத்தில் நிகழ்த்திய சோதனையின் முடிவுகள் அவ்வாறு மீண்டு 2008இல் வெளியாயின. காந்தப் படலம் சிதையாதவரை தரவு இருக்கின்றது. அதனைச் சிதைப்பது பெரும்பாலும் விபத்தன்று, விபத்துக்குப்பின் நாம் செய்யும் முயற்சியே.

ஆதலால் மீட்பின் முதற்செயல், செயலற்றிருத்தல். தட்டணி திறக்கவில்லை என்றால் உடனே நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். திரையில் “மறுபடி தொடங்கவா?”, “புதிதாக அமைக்கவா?” என்னும் வினாக்கள் தோன்றும்; ஆம் என்று விடையிறுத்தவர் பலர் அவ்விடையோடு தம் தரவை இழந்தனர். கோப்பமைப்பைத் திருத்தும் கருவிகளையும் ஓட்டலாகாது. அவை அமைப்பைச் செம்மை செய்ய ஏற்பட்டவை. பொருந்தாத கோப்பைத் தூக்கியெறிந்தேனும் செம்மை செய்யும். பின்பு எந்தத் தட்டு எந்த அறையில் இருந்தது என்பதை ஒவ்வொன்றன்மேலும் எழுதுதல் வேண்டும். படம் எடுத்து வைத்தல் இன்னும் நன்று.

அடுத்து, ஒவ்வொரு தட்டையும் வேறொரு நல்ல தட்டில் முழுதும் படியெடுத்தல். சாகும் தட்டைப் படியெடுக்கத் தனி முறை உண்டு. டிடிரெஸ்கியூ போன்ற இலவசக் கருவிகள் எளிதிற் படியும் இடங்களை முதலிற் படித்துவிட்டு, முரண்டும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு இறுதியில் மீண்டும் முயலும். தொடக்கத்திலேயே கெட்ட இடத்தில் நின்று முட்டி மோதித் தட்டின் எஞ்சிய உயிரைப் போக்குவதில்லை. டக்டக்கென்று ஒலிக்கும் தட்டை இதற்கும் உட்படுத்தலாகாது; அதன் முனை முறிந்தது. தூசியற்ற அறையில் அதே வகைத் தட்டின் முனையைக் கழற்றிப் பொருத்துதல் வல்லுநர் வேலை. மின்பலகை கருகிய தட்டுக்கு ஒத்த பலகையொன்றை வாங்கி மாட்டினாற் போதும் என்பது பழைய தட்டுகளுக்குப் பொருந்திய மருத்துவம். இன்றைய தட்டுகளில் அந்தந்தத் தட்டுக்கே உரிய அளவுகளைக் கொண்ட சில்லொன்று பலகையில் உள்ளது. அதனையும் பெயர்த்து ஒட்டினாலன்றிப் புதுப்பலகை பயன்படாது.

படிகள் கைக்கு வந்தபின் மீட்போர் மூலத் தட்டுகளைத் தொடுவதேயில்லை. படிகளைக் கொண்டு கணினிக்குள்ளேயே பொய்யான ஓர் அணியைக் கட்டிப் பார்க்கின்றனர். எத்தனை கிலோபைட்டுக்கு ஒருமுறை தரவு அடுத்த தட்டுக்குத் தாவிற்று, எது முதல் எது கடை, சரிபார்ப்புக் குறி வலமாகச் சுழன்றதா இடமாகவா என்பனவற்றை ஊகித்து அடுக்குவர். தவறாக அடுக்கினால் பெருங்கோப்புகள் துண்டுதுண்டாகத் தோன்றும். சரியாக அடுக்கினால் நீண்ட படமொன்று முழுமையாகத் திறக்கும். கட்டு அவிழ்ந்து கலைந்த ஓலைச்சுவடியை, ஓர் ஏட்டின் கடைசிச் சொல்லும் அடுத்த ஏட்டின் முதற்சொல்லும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக் கோக்கும் வேலையை ஒத்தது இது. மற்றொன்றும் அவர் கண்டுபிடிக்க வேண்டும்: எந்தத் தட்டு முதலில் இறந்தது? ஆறு திங்களுக்கு முன் இறந்த தட்டு தற்செயலாக மீண்டும் உயிர்பெற்றால், அதிலிருப்பது ஆறு திங்கள் பழைய தரவு. அதனை மற்றவற்றோடு கலந்து கட்டினால் புதிய கணக்கும் பாழாகும். கோப்புகளின் நாட்குறிப்பைக் கொண்டு அப்பழைய தட்டை விலக்கி விடுவர்.

ஒரு செய்தி தனியே சொல்லற்பாலது. சுழலாத எஸ்.எஸ்.டி. தட்டுகளிற் கோப்பை அழித்தவுடன், அவ்விடம் இனி வேண்டாம் என்று இயக்குதளம் தட்டுக்கு அறிவித்துவிடும். தட்டு அதனைத் தானே துடைத்துவிடும். சுழலும் தட்டில் அழித்த கோப்பு மேலெழுதப்படும்வரை பெரும்பாலும் அங்கேயே கிடப்பதால் மீட்க இடமுண்டு. எஸ்.எஸ்.டி.யில் அந்நம்பிக்கை மிகச் சிறிது.

காப்புப் படிக்கு வருவோம். அம்பத்தூரிலேயே இன்று பெருநிறுவனங்களின் தரவு மையங்கள் உயர்ந்து நிற்கின்றன. அவற்றுக்கு வேறு நகரங்களிலும் படி உண்டு. சிறு பட்டறைக்கு அவ்வளவு வேண்டா. பட்டறைக்கு உண்மையில் ஈடு செய்யவொண்ணாத தரவு, அதாவது வரைபடம், கட்டளை வரிசை, கணக்கு ஆகியவை, சில நூறு கிகாபைட்டைத் தாண்டுதல் அரிது. வெளித்தட்டு இரண்டு வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிப் படியெடுத்து, எடுத்தவுடன் கம்பியைக் கழற்றிவிடுதல் போதும். கழற்றாமல் விட்டால் கணினியிற் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரல் அதனையும் பூட்டிவிடும். ஒரு தட்டு எப்போதும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். வேறிடம் என்பதை எட்டத்தால் மட்டும் அளத்தல் தவறு. நீர்போக்காலும் அளக்க வேண்டும். பட்டறை அம்பத்தூரிலும் படி கொரட்டூரிலும் இருந்தால், இரண்டும் ஒரே ஏரித்தொடரின் வெள்ளத்துக்கு உரியவை. மேட்டுநிலத்து மாடிவீடொன்றிலோ, ஊருக்குச் செல்லும் உறவினர் வீட்டிலோ வைத்தல் தக்கது.

எடுத்த படி திறக்கின்றதா என்று பார்த்தலை எவரும் செய்வதில்லை. மூன்று திங்களுக்கு ஒருமுறை, படியிலிருந்து ஒரு வரைபடத்தையும் ஒரு மாதத்துக் கணக்கையும் வேறொரு கணினியில் திறந்து, அச்செடுத்து, மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அவ்வாறு ஒப்பிட்ட நாளையும், ஒப்பிட்டவர் பெயரையும், தட்டுகளின் அறை எண்ணையும், ரெய்டு இன்ன வகை என்பதையும், தட்டணியின் கீச்சொலி கேட்டால் அழைக்க வேண்டியவர் யார் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவைத்தல் நன்று. அத்தாளின் படி ஒன்றும் வெளித்தட்டோடு செல்லட்டும். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது பெட்டியில் ஒட்டிய தாளே.